பதினொரு வீடும் மூன்று அடுப்பும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்டவள். ஒற்றெழுத்து எங்கே வரும், எங்கே வராது என்பது எனக்கு அன்றும் பிடிபடவில்லை, இன்றும் பிடிபடவில்லை. மறதி வேறு. நேற்று அடுப்பில் பாலை வைத்து மறந்து, பாத்திரம் தீய்ந்து போனது. இவள் அறுபது வருசத்துக்கு முந்தியதை மட்டும் எப்படிச் சரியாகச் சொல்வாள் என்று நீங்கள் கேட்டால் அது நியாயந்தான். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் பரவையில் வீடு கட்டி, மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறான். மாடியில் இருக்கும் பெண்பிள்ளை மதுரையில் ஒரு கல்லூரியில் பத்திரிகைப் படிப்பு படிக்கிறது. ஒரு நாள் காய்ந்த துணி எடுக்க மேலே போனபோது அதன் நோட்டு கொடிக்குக் கீழே விரித்தபடி கிடந்தது. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று ஆறு சொல்லை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தது. அதற்கும் கீழே, ‘ஒருவர் சொன்ன எண்ணிக்கையை அப்படியே எழுதக்கூடாது, நேரில் சரிபார்க்க வேண்டும்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். என் தாய்மாமன் இந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள ஒரு தெருவே எரிய வேண்டியிருந்தது.

அந்தப் பிள்ளையிடம் அதைச் சொன்னேன். “அம்மாச்சி, இத நீங்களே எழுதுங்க. நான் எழுதுனா நான் கேட்ட கதையாப் போயிரும்” என்றது. அதனால்தான் இந்தக் கிறுக்கல்.

உசிலம்பட்டியிலிருந்து பேரையூர் போகிற வழியில், ரோட்டைவிட்டுக் கொஞ்சம் உள்ளே எங்கள் ஊர். ஊருக்குப் பிரிகிற ரோட்டு விலக்கில் மாமா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டிய நேரம் போக, மதுரைப் பேப்பர் ஒன்றுக்குச் செய்தியும் அனுப்புவார். தாளின் ஓரமெல்லாம் கிரீஸ் பட்ட விரல் தடம் இருக்கும். எழுதியதை மடித்துப் பழுப்புக் கவரில் போட்டு, நாலரை மணி பஸ் கண்டக்டரிடம் கொடுப்பார். மதுரை பஸ் ஸ்டாண்டில் பேப்பர்காரர்களின் ஆள் நின்று வாங்கிக்கொள்வாராம்.

“என்ன மாப்ள, இன்னைக்குக் கவரு லேசா இருக்கு?” என்பார் கண்டக்டர்.

“கெணத்துல மாடுதாண்ணே விழுந்துச்சு. மனுசன் விழுந்தாத்தான் ரெண்டு தாளு.”

மறுநாள் முதல் பஸ்ஸில் பேப்பர்க்கட்டு வந்து இறங்கும். பிரித்தால் உள்ளே மாமாவின் மாடு அச்சில் விழுந்து கிடக்கும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். கிரீஸ் அப்பிய கோணல் எழுத்து, ஒரு ராத்திரியில் இப்படி வரிசையாக, சுத்தமாக, படைவீரர் மாதிரி நிற்கிறதென்றால் மதுரையில் யாரோ பெரிய ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் பொய்யை எல்லாம் சலித்து எறிந்துவிட்டு உண்மையை மட்டும் அச்சில் ஏற்றுகிறார், ஏறிய பிறகு அதைச் சாமியே வந்தாலும் மாற்ற முடியாது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அந்தச் சித்திரையில் ஒரு திங்கட்கிழமை மேலத்தெருவில் தீப்பிடித்தது. உச்சிப்பொழுது. பெரியவர்கள் எல்லாம் காய்ந்த பருத்திமார்ச் செடி பிடுங்கக் காட்டுக்குப் போயிருந்தார்கள். எந்த அடுப்பிலிருந்து பொறி பறந்ததோ, பனையோலைக் கூரை ஒன்று பற்றி, காற்று அதைத் தெருக் கடைசி வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது. கிணற்றில் தண்ணீர் பாதாளத்தில் கிடந்தது. ஓடி வந்தவர்கள் வாளியை இறக்கி ஏற்றுவதற்குள் தெரு முடிந்துவிட்டது. மனுசருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கன்றுக்குட்டியும் அடைகாத்த கோழி இரண்டும் போயின.

தெருவின் கடைசி வீடு என் பெரியம்மாவுடையது. அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவள். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டு, இரண்டாம் வருசமே புருசனைப் பறிகொடுத்தவள். பிள்ளையில்லை. காட்டுவேலை செய்து தனியாகக் காலம் தள்ளினாள். மாமாவுக்கு அப்போது கல்யாணமாகவில்லை. தினமும் மத்தியானம் அவர் கஞ்சி குடித்தது அந்த வீட்டில்தான்.

மாமா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அழுகிறவர்களைத் தேற்றினார், ஒரு கிழவரைத் தூக்கி நிழலில் உட்கார்த்தினார். பிறகு சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். தரை கொதித்ததால் பெரியம்மா வீட்டு அம்மிக்கல் மேல் ஏறி நின்றுகொண்டார். தெருமுனைப் புளியமரத்தடியில் ஊர்த்தலைவரான அம்பலக்காரர் நின்றிருந்தார்.

“பெரியப்பு, எம்புட்டு வீடு?”

“பதினொன்னுப்பா.”

மாமா எழுதிக்கொண்டார். நாலரை மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் எங்கள் ஊர்ப் பெயர் முதல் தடவையாக முதல் பக்கத்தில் வந்தது. ‘தீ விபத்தில் 11 வீடுகள் சாம்பல்’. டீக்கடையில் ஒருவர் வாசிக்க, இருபது பேர் கேட்டார்கள். வீட்டைப் பறிகொடுத்தவர்களே இரண்டு பேர், “நம்ம தெருவுல்ல” என்று சிரித்ததைப் பார்த்தேன். இருந்ததெல்லாம் போனபிறகு இதாவது கிடைத்ததே என்றிருந்திருக்கும்.

நான் பெரியம்மாவிடம் ஓடினேன். ராத்திரி எங்கள் வீட்டில் படுத்திருந்துவிட்டு விடிந்ததும் போய், சாம்பலைக் குச்சியால் கிளறிப் பித்தளைச் சொம்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“பெரியம்மா, பேப்பர்ல வந்துருச்சு! பதினொரு வீடு சாம்பல்னு போட்டிருக்கு.”

அவள் தெருவைப் பார்த்து விரலை மடக்கினாள். ஒரு கை முடிந்து மறு கைக்கு வந்து, திரும்பவும் முதல் கைக்கு வந்தாள்.

“என்னோடதச் சேத்தா பதினொன்னத் தாண்டுதே தாயி.”

“பேப்பர்ல பதினொன்னுதான் பெரியம்மா” என்றேன், கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி.

அவள் மறுபடியும் குச்சியால் சாம்பலைக் கிளறினாள். எனக்குத்தான் ஒரு சந்தேகம் வந்தது. இதை இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. குனிந்து சாம்பலைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே இன்னும் சூடாக இருந்தது. அப்படியானால் எரிந்திருக்கிறது. ஆனால் பேப்பர் பதினொன்று என்கிறதே. கையில் ஒட்டிய கரியையும் நம்ப முடியாமல், பேப்பரையும் விட முடியாமல் அங்கேயே நின்றேன்.

புதன்கிழமை ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் வந்து சாவடியில் உட்கார்ந்தார். எரிந்த வீட்டுக்குத் தாலுகாவிலிருந்து மூங்கிலும் கீற்றும் பத்துப் படி அரிசியும் தருவார்களாம். பட்டியல் வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்விடும், பிறகு சேர்க்க முடியாது என்றார். பெரியம்மா போய் நின்றாள். நானும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அம்பலக்காரரு குடுத்த கணக்கு பதினொன்னு. பேப்பர்லயும் பதினொன்னு” என்றார் கர்ணம். “நான் மட்டும் பன்னெண்டுன்னு எழுதிக்கிட்டுப் போனா தாசில்தாரு என்னையில்ல கேப்பாரு? போ ஆத்தா, ஒந்தங்கச்சி வீட்டுல ஒனக்கு எடமா இல்ல?”

எடம் இருந்தது. அப்பாவும் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் பெரியம்மா அதற்கு முந்தின ராத்திரியே அம்மாவிடம், “கூரை போட்டா நான் மனுசி. இங்க கெடந்தா ஒன் வீட்டுத் திருகையில அரைக்கிறவ” என்று சொல்லியிருந்தாள்.

சாவடியிலிருந்து நேரே சைக்கிள் கடைக்கு நடந்தாள். மாமா டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன்டா, என் வீடு எரிஞ்சுச்சா இல்லையா?”

மாமா சிரித்தார். “என்னக்கா கேள்வி இது?”

“ஒன் பேப்பர்ல எரியலையேடா.”

மாமா நிமிர்ந்தார்.

“என் அம்மிக்கல்லு மேல ஏறி நின்னுதான எழுதுன? முந்தாநேத்து வரைக்கும் கஞ்சி குடிச்ச வீடு, அது ஒன் கண்ணுக்கு வீடாத் தெரியலையா?”

டியூபிலிருந்து குமிழி வந்துகொண்டே இருந்தது. மாமா அதைப் பார்க்கவில்லை. அவர் முகம் அப்படிக் கறுத்து நான் பார்த்ததில்லை. கர்ணம் சொன்னதைப் பெரியம்மா ஒன்று விடாமல் சொன்னாள். பேப்பர்லயும் பதினொன்னு என்ற இடம் வந்ததும் மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சும்மா இருக்கமாட்டாமல், “பன்னெண்டுன்னு எழுதிக் குடுத்துருங்க மாமா” என்றேன்.

“பன்னெண்டுன்னு யாரு சொன்னா?”

“பெரியம்மாவச் சேத்தா…”

“பதினொன்னுன்னு ஒருத்தர் சொன்னாரு, எழுதுனேன். இப்ப பன்னெண்டுன்னு நீ சொல்ற, எழுதச் சொல்றியா?” என்று சிடுசிடுத்தார். கடைப் பலகையை எடுத்துச் சாத்திவிட்டு, வெயிலில் மேலத்தெருவுக்கு நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம்.

கூரையும் தட்டியும் போன தெருவில் எது யார் வீடு, எங்கே முடிந்து எங்கே ஆரம்பம் என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே கரிமேடு. மாமா தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அடுப்பை எண்ண ஆரம்பித்தார். மண் அடுப்பு தீயில் போகாது; இன்னும் சிவந்து இறுகித்தான் இருந்தது. அடுப்புக்கு ஒருவர் வந்து நிற்க வேண்டும், பெயர் சொல்ல வேண்டும். நான் என்பாட்டுக்குப் புளியங்கொட்டையைப் பொறுக்கி, அடுப்புக்கு ஒன்றாகப் பாவாடை மடியில் போட்டுக்கொண்டு போனேன்.

பிறந்ததிலிருந்து பார்த்த முகங்களிடம் பெயர் கேட்டால் சும்மா விடுவார்களா?

“ஏன்டா, ஒன்ன இடுப்புல சொமந்தவ நானு. என் பேரு தெரியாதா ஒனக்கு?” என்றாள் ஒரு கிழவி.

“தெரியும் ஆத்தா. நீ சொல்லு, நான் எழுதுறேன்.”

“வெயில்ல மண்ட காஞ்சுருச்சு இவனுக்கு” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கடைசி அடுப்பு பெரியம்மாவுடையது. மாமா நோட்டைத் திருப்பிக்கொண்டார்.

“பேரு?”

“போடா கிறுக்கா.”

“பேரச் சொல்லுங்க” என்றார் மாமா.

கூடப்பிறந்த அக்காவை ‘சொல்லுங்க’ என்கிறாரே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பெரியம்மாவின் சிரிப்பு நின்றது. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, சாட்சி சொல்லப் போகிறவள் மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

“ஒச்சம்மா.”

“வீட்டுல எத்தன பேரு?”

“நான் ஒருத்திதான்.”

சொல்லி முடிப்பதற்குள் அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவளுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எனக்குப் பெரியம்மா, மாமாவுக்கு அக்கா, தெருவுக்குக் கடைசி வீட்டுக்காரி, ஊருக்குத் தாலி அறுத்தவ. அந்தப் பெயரை யாராவது கேட்டு எத்தனை வருசம் ஆகியிருக்குமோ.

மடியில் பதினாலு கொட்டை இருந்தது. மாமா நோட்டிலும் பதினாலு. இரண்டு தடவை எண்ணினார். நான் சொன்ன பன்னிரண்டும் தப்பு. பெரியம்மாவோடு விட்டுப்போன மற்ற இரண்டில் ஒன்று, புருசன் வேறொருத்தியோடு போய்விட, மகளை வைத்துக்கொண்டு இருந்த ஒரு பெண்ணின் வீடு. இன்னொன்று கல்யாணமே செய்யாமல் ஆடு மேய்த்த கிழவருடையது. மாமா அன்று தூக்கி நிழலில் உட்கார்த்தினாரே, அவர்தான்.

அம்பலக்காரர் புளியமரத்தடிக் கட்டிலில் படுத்திருந்தார்.

“பெரியப்பு, அடுப்பு பதினாலு இருக்கு.”

“இருக்கட்டும். தலைக்கட்டு பதினொன்னுதான?”

“அந்த மூணு பேரு?”

“அவுக எப்படிப்பா ஊர்க் கணக்குல வருவாக? கல்யாணமான ஆம்பள இருந்தாத்தான் தலைக்கட்டு. சாமி கும்புடுக்கு வரியாப் படி அரிசி அவன்கிட்டதான் கேப்போம். அறுத்தவகிட்டயும் அநாதைகிட்டயும் படி அரிசி வாங்குனா சாமி ஏத்துக்குமா? பாவம்னு எங்கப்பா காலத்துலயே விட்டது. நீ வீடு எம்புட்டுன்னு கேட்ட, சொன்னேன். நான் என்ன பொய்யா சொன்னேன்?”

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை என்னைத் திகைக்க வைக்கிறது. இரக்கப்பட்டு ஒரு கணக்கிலிருந்து எடுத்துவிட்ட மூன்று பேர், தீப்பிடித்த அன்று எல்லாக் கணக்கிலிருந்தும் போய்விட்டார்கள்.

“தப்பு எம்மேலதான் பெரியப்பு” என்றார் மாமா. “நான் நின்ன எடத்த நான் குனிஞ்சு பாக்கல.”

“மறுபடி எழுதப் போறியாக்கும்? அம்பலக்காரன் புழுகிட்டான்னு போடுவியா?”

“இல்ல. நாங்க தப்பாப் போட்டோம்னுதான் வரும்.”

வியாழக்கிழமை மாமா கவரைக் கண்டக்டரிடம் கொடுக்கவில்லை. தானே மதுரைக்குக் கிளம்பினார். அம்மா, “அந்தக் கவருல போட்டுவிட்டா ஆகாதா?” என்றாள்.

“மூணுல ஒண்ணு எங்க அக்கா வீடுன்னு நேருல சொல்லிட்டுத்தான்க்கா குடுக்கணும்.”

“அதச் சொல்லாட்டி அவுகளுக்கு என்ன தெரியவா போகுது?”

“பின்னாடி தெரிஞ்சா மத்த ரெண்டு அடுப்பும் சேந்து அவிஞ்சு போகுமே” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

சாயங்காலம் திரும்பியவர் சோர்ந்து போயிருந்தார். பேப்பர் ஆபீசில் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அம்மா சொன்னாள். போடுவார்களா என்றதற்கு, “பாப்போம்னாங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு நாங்கள் எல்லாரும் விலக்கில் நின்றோம். பெரியம்மா மட்டும் பேப்பரைப் பார்க்காத மாதிரி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். கட்டைப் பிரித்தார்கள். முதல் பக்கத்தில் இல்லை. மறுபக்கத்தில் இல்லை. மாமா தாளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசியில் உள்பக்கத்தில், பருத்தி விலைக்குக் கீழே, என் சுண்டுவிரல் நீளத்துக்கு நாலைந்து வரி. மேலே ‘திருத்தம்’ என்று இருந்தது.

எனக்குச் சப்பென்று போனது. தப்பு முதல் பக்கத்தில் முழத்துக்கு இருந்தது, சரி இவ்வளவுதானா? மாமா அதை ஒரு தடவை வாசித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். பேப்பரை என் கையில் கொடுத்தார்.

“நீ சாவடிக்குப் போயி வாசி. நான் வந்தா அக்காவுக்குச் சிபாரிசு பண்ண வந்தேம்பாங்க.”

நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவள் நான். பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கர்ணம் பட்டியலைச் சுருட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அம்பலக்காரரும் இருந்தார். நான் வாசித்த முதல் சொல் எனக்கே கேட்கவில்லை. “சத்தமா வாசி புள்ள” என்று கர்ணம் அதட்டினார்.

வாசித்தேன். மேலத்தெருவில் எரிந்த வீடுகள் பதினொன்று என்று வெளியிட்டது தவறு, பதினான்கு என்பதே சரி, விடுபட்ட வீடுகளில் வசித்தவர்கள் ஒச்சம்மாள் என்று வந்தபோது என் குரல் எங்கிருந்தோ பெரிதாகக் கிளம்பியது. மற்ற இரண்டு பெயரையும் அதே மூச்சில் வாசித்தேன். என் வாயிலிருந்து ஒவ்வொரு பெயராக வெளியே வந்து அந்தத் தூண்களுக்கு நடுவில் நிற்கிற மாதிரி இருந்தது. கர்ணம் பேப்பரை வாங்கி, தானும் ஒரு தடவை பார்த்தார். அம்பலக்காரரைப் பார்த்தார். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, “அச்சுலயே வந்துருச்சு, பெறகென்ன, எழுதிக்கங்க” என்றார். கர்ணம் கயிற்றை அவிழ்த்தார்.

ஆடிக்காற்றுக்கு முன்னால் பதினாலு கூரையும் ஏறிவிட்டன. பெரியம்மா பால் காய்ச்சினாள், மாமா பழையபடி மத்தியானக் கஞ்சிக்குப் போனார். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த மாசியில் கும்புடுக்குப் படி அரிசி அளந்தபோது தலைக்கட்டு ஆம்பளைகள் வரிசையில் பெரியம்மாவும் ஒரு ஓலைப்பெட்டியோடு போய் நின்றாள். அந்த வருசம் வெள்ளாமை இல்லை. அவள் வீட்டில் இருந்த அரிசியே அவ்வளவுதான் என்பது எனக்குத் தெரியும்.

“ஒனக்குத்தான் இல்லையே ஆத்தா, கொண்டுபோயிக் கஞ்சி காச்சிக் குடி” என்றார் அம்பலக்காரர், நல்லவிதமாகத்தான்.

“இருக்கட்டும். அளந்துக்கங்க.”

அவர் வாங்கவில்லை. இவள் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வெயில் ஏறுகிற வரைக்கும் அப்படியே நின்று, கடைசியில் அளந்து கொட்டிவிட்டு வெறும் பெட்டியோடு திரும்பி வந்தாள். அன்று முழுக்க அவள் முகத்தில் இருந்த களை கல்யாண வீட்டில்கூட நான் பார்த்ததில்லை. வேண்டாம் என்கிறவரிடம் கெஞ்சி, இருந்த அரிசியையும் கொடுத்துவிட்டுச் சிரிக்கிறாளே, தீயில் புத்தியும் கலங்கிவிட்டதோ என்று பயந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரு கிண்ணத்தில் சோற்றைப் போட்டு என்னிடம் கொடுத்தனுப்பினாள். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். ஒன்றும் விளங்கவில்லை.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. தீப்பிடித்தது திங்களா செவ்வாயா, செத்த கோழி இரண்டா மூன்றா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மாடிப்பிள்ளை இதை யாருக்காவது காட்டுவதற்கு முன்னால் ஒரு எட்டு எங்கள் ஊருக்குப் போய், நான் சொன்னது சரியா என்று இரண்டு பேரிடம் கேட்டுக்கொள்ளட்டும். இன்னொன்று. அந்தப் புருசன் விட்டுப்போன பெண்ணின் பெயரும் ஆட்டுக்காரக் கிழவரின் பெயரும் எனக்கு மறந்துபோய்விட்டன. என் வாயால்தான் வாசித்தேன், எவ்வளவு யோசித்தும் வரமாட்டேன் என்கிறது. மேலத்தெருவில் யாருக்காவது தெரிந்திருக்கும். கேட்டு, அந்த இரண்டு பெயரையும் சரியாக எழுதிவிடுங்கள்.